இல்லத்து இசைக்கு முற்பெருக்கி வேண்டுமோ?

இசையை விரும்பாதார் இவ்வுலகில் மிகச் சிலரே. முற்காலத்தில் இசை கேட்க விழைந்தோர் பாடுவோர் இருக்குமிடம் நாடிச் சென்றனர். இக்காலத்திலோ இசையே நம் இல்லம் நாடி வருகின்றது. அங்ஙனம் வரும் இசையைச் செவ்வனே கேட்டற்கு எவ்வெக் கருவிகள் வேண்டும், எவை வேண்டா என்னும் வினா வீண் வினாவன்று. கருவி ஒவ்வொன்றும் பணம் கொடுத்து வாங்கற்பாலது. அப்பணமோ நம்மில் பெரும்பாலாருக்கு மாதச் சம்பளத்தினின்று சிறுகச் சிறுக மிச்சம் பிடித்ததாகும். ஆதலின், எண்முறையில் பதிவான இசையை மட்டுமே கேட்கும் ஓர் இல்லத்துக்கு, ‘பிரீ-ஆம்ப்ளிபையர்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் முற்பெருக்கி தனிக்கருவியாக இருத்தல் அவசியந்தானோ என்பது பற்றி என் அபிப்பிராயத்தை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுதல் முறை. ஆசிரியத் தொழிலினின்று ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து, “தம்பி, நல்ல ஆற்றல் பெருக்கி ஒன்றும், ஸ்பீக்கர் இரண்டும் வாங்கிவிட்டேன். இசையோ கணினியிலிருந்தே வருகின்றது. இன்னும் முற்பெருக்கி ஒன்று இல்லாவிடின் எல்லாம் பாழ் என்று கடைக்காரர் கூறுகின்றார். நீர் விஞ்ஞானம் படித்தவராயிற்றே, உண்மையைச் சொல்லும்” என்று கேட்டார். யானும் சிறிதும் தயங்காது, “ஆம், ஐயா! அஃதின்றி இசையில் உயிர் இராது” என்று விடை கூறினேன். அவர் தம் வீட்டு மேற்கூரையைச் செப்பனிட வைத்திருந்த தொகையை எடுத்து அக்கருவியை வாங்கினார். என் சொல்லுக்கு ஆதாரம் யாது என்று அவரும் வினவவில்லை. யானும் என்னை வினவிக்கொள்ளவில்லை. பிறர் சொல்லக் கேட்டதையே யான் திருப்பிச் சொன்னேன் என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று. இக்கட்டுரை ஒருவகையில் அப்பிழைக்குக் கழுவாயாகும்.

முற்பெருக்கி என்பது யாது? அது தோன்றியதன் காரணம் யாது? இவற்றை அறிந்தாலன்றி அதன் தேவையை எடைபோடுதல் இயலாது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ஊசிமுனையால் இசைத்தட்டினின்று மின்குறியைப் பெறும் முறையில், அக்குறி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் அளவினதே. நகரும் சுருள் உடைய சில வகைகளில் அஃது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆற்றல் பெருக்கியோ தன் முழு வலிமையையும் காட்டுதற்கு 1 வோல்ட் முதல் 2 வோல்ட் வரை எதிர்பார்ப்பது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி நூறு மடங்கு, சிலபோது ஆயிரம் மடங்கும் ஆகும். அதனை நிரப்புதற்கு ஒரு கருவி முன்னே நிற்றல் வேண்டியதாயிற்று. முன்னே நின்று பெருக்கியதனால் அது முற்பெருக்கி எனப் பெயர் பெற்றது.

அதுவுமன்றி, இசைத்தட்டை வெட்டுங்கால் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் வெட்டுதல் மரபு. கேட்குங்கால் அவற்றை மீண்டும் சமன் செய்தல் வேண்டும். 1954-ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தட்டு வெளியீட்டாளர் சங்கம் இதற்குப் பொதுவிதி ஒன்று வகுக்கும் வரை, தட்டு வெளியிடும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் விதியைப் பின்பற்றின. அவ்வேறுபாடுகளையெல்லாம் திருத்தும் திருகுகளைக் கொண்ட முற்பெருக்கி ஒன்றைச் சால் மாரன்ட்ஸ் என்னும் அமெரிக்கர் தம் வீட்டிலேயே அமைத்ததும், அதிலிருந்து அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பிறந்ததும் ஒலித்துறையார் நன்கறிந்த வரலாறு. இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தார் 1967-இல் வெளியிட்ட 33 என்னும் எண்ணுடைய முற்பெருக்கியைத் தம் 303 என்னும் ஆற்றல் பெருக்கிக்குத் துணையாகவே அமைத்தனர். அக்காலத்தில் முற்பெருக்கி ஆடம்பரமன்று, இன்றியமையாத உறுப்பு. அதனை மறுப்பார் எவருமிலர்.

நிற்க. 1982-ஆம் ஆண்டில் பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களும் கூடி வகுத்த சிறுதட்டு விற்பனைக்கு வந்தது. ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதிவைப்பது அத்தட்டின் முறை. அத்தட்டை ஒலிக்கச் செய்யும் கருவிகள் தம் உச்ச நிலையில் ஏறக்குறைய 2 வோல்ட் அளவிலான குறியை வெளியிட்டன. அவ்வழக்கமே இன்று கணினிக்கும் ஆற்றல் பெருக்கிக்கும் இடையே வைக்கப்பெறும் எண்-ஒலி மாற்றிகளிலும் பெரும்பாலும் நிலவுகின்றது. சிறுதட்டு வழக்கொழிந்து வருகின்றதெனினும், அது விட்டுச்சென்ற 2 வோல்ட் நிலைத்துவிட்டது.

இந்த 2 வோல்ட்டின் பொருளைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஆற்றல் பெருக்கி தன்னிடம் வரும் குறியை ஏறத்தாழ 20 மடங்கு பெருக்குவது. 2 வோல்ட் வந்தால் 40 வோல்ட் வெளிப்படும். 40 வோல்ட்டை 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்கு அளித்தால் 200 வாட் ஆற்றல் ஆகும். ஆனால் நடுத்தரமான அறையில் அமர்ந்து நாம் இசை கேட்குங்கால் சராசரியாகச் செலவாவது ஒரு வாட் தானும் இல்லை. ஆகவே இங்கே குறையாயிருப்பது பெருக்கமன்று. பெருக்கம் மிகையாகவே இருக்கின்றது. நமக்கு வேண்டுவது குறைத்தலே. பெருக்குதற்கென்று பிறந்த கருவியைக் குறைத்தற்கென்று விலை கொடுத்து வாங்குகின்றோம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

பெருக்கும் பணி ஒழிந்தபின் முற்பெருக்கிக்கு எஞ்சிய பணிகள் மூன்று. பல மூலங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் ஒன்று. ஒலியளவைக் கூட்டிக் குறைத்தல் ஒன்று. முன்னுள்ள கருவிக்கும் பின்னுள்ள கருவிக்கும் மின்தடை பொருந்துமாறு இடைநின்று உதவுதல் மற்றொன்று. எண்முறை இசை மட்டுமே உள்ள இல்லத்தில் தெரிந்தெடுக்கும் பணியை மாற்றியே செய்துவிடும். பற்பல நுழைவாயில்கள் அதற்கு உண்டு. மாற்றியின் வெளிவாயில் தடை பெரும்பாலும் சில நூறு ஓம்களே. ஆற்றல் பெருக்கியின் உள்வாயில் தடையோ பதினாயிரம் ஓமும் அதற்கு மேலும் ஆகும். ஆதலின் இடைநின்று உதவுவார் இல்லாமலே அவ்விரண்டும் இணங்கும். எஞ்சியது ஒலியளவு ஒன்றே. வழக்கு முழுவதும் அதன்மேல் நிற்கின்றது.

முற்பெருக்கி வேண்டுமென வாதிப்போர் கூறுவது இது: எண்முறையிலேயே ஒலியளவைக் குறைத்தால் பிட்டுகள் குறைகின்றன, 6 டெசிபெல் குறைக்குந்தோறும் ஒரு பிட் போய்விடுகின்றது, ஆகவே மெல்லக் கேட்குங்கால் 16 பிட் இசை 12 பிட் ஆகவும் 10 பிட் ஆகவும் தேய்ந்து நுட்பமிழக்கும் என்பர். இவ்வாதம் பொய்யன்று, ஒருகாலத்து உண்மை. 16 பிட்டுக்குள்ளேயே கணக்கிட்ட பழைய கருவிகளில் அவ்வாறே நிகழ்ந்தது. இக்காலத்து மாற்றிகளோ 24 பிட் அல்லது 32 பிட் அகலத்தில் கணக்கிடுகின்றன. 16 பிட் இசையை 24 பிட் இடத்தில் வைத்தால் 8 பிட் வெற்றிடம் கீழே இருக்கின்றது. 48 டெசிபெல் குறைத்தாலும் மூல எண்ணின் ஒரு பிட்டும் வெளியே விழாது. சிறிய கூடத்திலிருந்து பெரிய கூடத்துக்குச் சென்றவன் நடமாட இடமில்லையென்று முறையிடுதல் பொருந்துமோ?

ஆயினும் அறிவுடைய எதிர்வாதி இவ்வளவில் அடங்கமாட்டார். “பிட்டுகள் போகட்டும், மாற்றியின் வெளிவாயிலில் இயல்பாகவே உள்ள இரைச்சல் குறையாதே! இசை தாழ, இரைச்சல் அவ்வாறே நிற்குமன்றோ?” என்பார். இது நேர்மையான தடை. இதற்குக் கணக்கால் விடை கூறுதலே தகும். நல்ல மாற்றியில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம் 120 டெசிபெல்; அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 2 வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு 2 மைக்ரோவோல்ட். அஃது ஆற்றல் பெருக்கியில் 20 மடங்காகி 40 மைக்ரோவோல்ட் ஆகும். ஒரு வாட்டுக்குரிய 2.83 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது 97 டெசிபெல் கீழே. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் ஒலிக்கும் ஸ்பீக்கரில் இவ்விரைச்சல், மனிதச் செவியின் கேள்வி எல்லைக்கும் 9 டெசிபெல் தாழ்ந்தது. கேளாத இரைச்சலைக் களைதற்குக் கருவி வாங்குவது, வராத வெள்ளத்துக்கு அணை கட்டுவதை ஒக்கும்.

எனினும் எல்லா இல்லங்களும் ஒருபடித்தல்ல. மாற்றி சிறிது தாழ்ந்த தரத்தினதாய் 100 டெசிபெல் அளவினதேயாகி, ஸ்பீக்கரோ கொம்பு வடிவில் அமைந்து ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல் ஒலிப்பதாயின், அதே கணக்கின்படி இரைச்சல் 28 டெசிபெல் ஆகும். அமைதியான இரவில் அருகிருப்பார் அதனைக் கேட்கக்கூடும். அவ்விடத்து, மாற்றிக்குப் பின்னே குறியைக் குறைக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேதேனும் ஒன்று விலையுயர்ந்த முற்பெருக்கியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

இனி, கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு, “முற்பெருக்கி வைத்தபோது இசை தடித்தது, மலர்ந்தது, செவியே சாட்சி” என்பாரும் உளர். யானும் அங்ஙனம் கூறியவனே. என் நண்பர் வீட்டில் முற்பெருக்கியை முதன்முதல் வைத்தன்று இருவரும் மகிழ்ந்தோம். பல மாதம் கழித்து, ஐயம் தோன்றவே, சோதனை ஒன்று செய்தோம். 1,000 அதிர்வுடைய சீரான ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து, முற்பெருக்கியோடும் அஃதின்றியும் அளவு நூற்றில் ஒரு பங்கும் வேறுபடாதபடி சரிசெய்தோம். பின்னர் மாணவர் ஒருவர் திரைக்குப் பின்னிருந்து நாணயத்தைச் சுண்டி, அதன்படி இணைப்பை மாற்றிவந்தார். எது எதுவென்று நாங்கள் எழுதிக்கொண்டே வந்தோம். முடிவில் பார்த்தபோது, நாங்களும் நாணயத்தைச் சுண்டியே விடை எழுதியிருந்தால் எவ்வளவு சரியாயிருக்குமோ அவ்வளவே சரியாயிருந்தது. முதல் நாளில் நாங்கள் கேட்ட மலர்ச்சி, முற்பெருக்கி ஒலியைச் சிறிது கூட்டிவைத்திருந்ததனால் விளைந்ததேயாம். சற்றே உரத்த ஒலியைச் செவி சிறந்த ஒலியென்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது இசைக்கருவிக் கடைக்கும் பொருந்தும்.

என் நண்பர் அன்று சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “போகட்டும் தம்பி, இம்மழைக்கும் கூரை ஒழுகும், அவ்வளவுதானே” என்று சிரித்தார். அச்சிரிப்பை யான் இன்னும் மறக்கவில்லை.

இதனால், முற்பெருக்கியை அகற்றி மாற்றியை நேரே ஆற்றல் பெருக்கியோடு இணைப்பதே எங்கும் எப்போதும் நன்று என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அதன்கண் ஓர் அபாயம் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. கையால் திருகும் திருகு ஒன்றும் இடையில் இல்லாவிடத்து, ஒலியளவு முழுவதும் கணினியின் ஆணையில் நிற்கின்றது. மாணவர் ஒருவர் தம் கணினியை அங்ஙனம் நேரே இணைத்து, இசைக்கும் நிரலில் ஒலியளவைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் கணினி தனக்கு வந்த செய்தியை அறிவிக்க மணியொலி ஒன்றை எழுப்பியது. அம்மணி அந்நிரலின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதன்று. உச்ச அளவில் வெளிப்பட்டது. உயர்ந்த ஒலியை எழுப்பும் சிற்றுறுப்பின் கம்பிச்சுருள் அக்கணமே கருகிற்று. கருவி போனது போகட்டும். அருகே குழந்தை ஒன்று படுத்திருந்தால் அதன் செவி என்னாகும்? யானையை வாங்கினவன் அங்குசத்தை வேண்டாவென்று விடுதல் ஆகாது.

ஆயின் அங்குசத்துக்குப் பல்லக்கின் விலை கொடுக்கவேண்டுவதில்லை. மாற்றிக்கும் ஆற்றல் பெருக்கிக்கும் இடையே இரண்டு மின்தடைகளால் ஆகிய சிறு குறைப்பானைச் செருகினால் போதும். அது 10 டெசிபெல் குறைப்பதாயின், முன்னர்க் கூறிய 200 வாட் 20 வாட்டாகும். 20 டெசிபெல் குறைப்பதாயின் 2 வாட்டாகும். சிற்றறையில் கேட்போர்க்கு 2 வாட் தானும் குறைவன்று. பெரிய அறைக்கு 20 வாட் அமையும். கணினி எத்துணைத் தவறினும் ஸ்பீக்கர் பிழைக்கும். மாற்றியின் இரைச்சலும் அதே அளவு தாழும். அபாயம், இரைச்சல் என்னும் இரண்டு குறைகளும் ஒருங்கே நீங்குகின்றன. விலையோ மிகச் சொற்பம்.

கையால் திருகும் திருகே வேண்டும் என்போர், மின்சாரம் வேண்டாத எளிய திருகுப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலும் அளவறிதல் வேண்டும். 10,000 ஓம் திருகு, தன் மிகத் தீய நிலையிலும் 2,500 ஓம் தடையையே பின்னுள்ள கம்பிக்குக் காட்டும். 5 மீட்டர் கம்பி 500 பிக்கோபாரட் கொள்ளளவு உடையதாயினும், நூற்றிருபத்தேழாயிரம் அதிர்வு வரை ஒலி பெரிதும் மங்காது. மாறாக 100,000 ஓம் திருகை வைப்பின் அவ்வெல்லை 12,700 அதிர்வுக்கு இறங்கிவிடும். தாளத்தின் கணீரென்ற ஓசை மழுங்கும். ஆதலின் திருகு தாழ்ந்த தடையினதாயும், கம்பி குறுகியதாயும் இருத்தல் நன்று. கருவி எளிதாயினும் கருத்து எளிதாதல் கூடாது.

முற்பெருக்கி உண்மையாகவே வேண்டும் இடங்களையும் சொல்லிவிடுகின்றேன். பழைய இசைத்தட்டுகளை இன்னும் போற்றி வைத்திருப்போர்க்கு ஊசியின் மில்லிவோல்ட்டைப் பெருக்கிச் சமன் செய்யும் உறுப்பு வேண்டும். வானொலி, நாடா முதலிய பல பழைய மூலங்களையும் எண்முறை மூலத்தையும் ஒரே ஆற்றல் பெருக்கிக்கு மாற்றி மாற்றி இணைப்போர்க்கு அது வேண்டும். மாற்றிக்கும் பெருக்கிக்கும் இடையே நெடுந்தூரம் கம்பி செல்லும் பெருங்கூடங்களிலும், மாற்றியின் வெளிவாயில் தடை மிகுதியாயிருக்கும் இடங்களிலும் அது வேண்டும். இவற்றுள் ஒன்றுமில்லாத இல்லத்துக்கு அது வேண்டா. இரண்டு பணிகளையும் ஓருடலில் அடக்கிய ஒருங்கிணைந்த பெருக்கியை வாங்கியவர்க்கோ இவ்வினாவே எழாது; அவர் தம் முற்பெருக்கியை முன்னரே வாங்கிவிட்டார்.

அழகிய கருவியை அழகுக்காகவே வாங்குவோரை யான் பழிக்கவில்லை. கைக்கு இதமாய்ச் சுழலும் திருகும், மேசையில் பொலியும் பெட்டியும் மகிழ்ச்சி தருவனவே. வாங்குவோர் மகிழ்ச்சிக்கென்று வாங்குவாராயின் அது அவர் உரிமை. தேவையென்று நம்பி வாங்குவாராயின், அந்நம்பிக்கையை ஊட்டியவர்க்குப் பொறுப்பு உண்டு. கற்றவன் என்னும் பெயரால் பிறர் நம்மிடம் கேட்கும் வினாவுக்கு நாம் கூறும் விடை, ஒருவர் வீட்டுக் கூரையைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்கள் தந்தையோ, அயலாரோ, “இக்கருவி வேண்டுமா?” என்று உங்களை வினவும் நாள் விரைவில் வரும். அன்று வோல்ட் எத்துணை, தடை எத்துணை, இரைச்சல் எத்துணை என்று முதலில் கணக்கிடுங்கள். அளவைச் சமன் செய்து, கண்ணை மறைத்து, செவியால் மட்டும் கேட்டுப் பாருங்கள். அதன்பின் விடை கூறுங்கள். அறியாவிடின் அறியேன் என்று கூறுங்கள். அச்சொல்லை உரிய காலத்தில் யான் கூறியிருந்தேனாயின், என் நண்பர் வீட்டில் இம்மழைக்காலத்திலும் இசைக்கு நடுவே பாத்திரங்களில் நீர் சொட்டும் ஓசை கேட்டிராது.